துணி வழக்கும் தேசங்களின் நியாய மன்றமும்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் இரவு பகலாகக் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதை இப்பகுதி அன்பர்கள் நன்கு அறிவர். அப்பெட்டிகளுள் துணி உண்டு. ஆயத்த ஆடை உண்டு. வேளாண் விளைபொருள்களும் உண்டு. சென்னைத் துறைமுகத்திலோ, எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலோ, காட்டுப்பள்ளியிலோ கப்பலேறும் வரையில் அச்சரக்கு நம் நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. அயல்நாட்டுக் கரையில் இறங்கிய கணமே அந்நாட்டுச் சட்டம் அதன்மேல் கை வைக்கிறது. அந்நாடு தன் விருப்பம்போல் எவ்வளவு வரியும் விதிக்கலாமா? இத்தனை கெஜத்துக்குமேல் வரலாகாது என்று தடுக்கலாமா? தடுத்தால் நாம் யாரிடம் சென்று முறையிடுவது? இக்கேள்விகளுக்கு விடை கூறுவது சர்வதேசச் சட்டத்தின் ஒரு பகுதியாகும்.

சர்வதேசச் சட்டம் என்றவுடன் போர், எல்லை, கடல் ஆகியவையே பலர் நினைவுக்கு வருகின்றன. தறியில் அமர்ந்தவருக்கும் ஏர் பிடித்தவருக்கும் அதனோடு என்ன தொடர்பு என்று கேட்பாரும் உளர். ஆனால் கடந்த 30 ஆண்டுகளில் தேசங்கள் தமக்குள் நடத்திய வழக்குகளுள் சில சட்டையைப் பற்றியவை. சில படுக்கை விரிப்பைப் பற்றியவை. சில பருத்தியையும் கரும்பையும் பற்றியவை. அவற்றுள் முக்கியமான சிலவற்றை இப்பாடத்தில் காண்போம்.

1. மன்றம் இல்லாத காலம்

சென்னையில் 1639-40ஆம் ஆண்டுகளில் ஆங்கிலக் கம்பெனி கோட்டை கட்டத் தொடங்கியதற்கு முதற் காரணம், இக்கரையோரத்து நெசவாளரின் துணி. துணியை இடையறாது பெறும்பொருட்டு நெசவாளரைக் கோட்டைக்கு அருகில் குடியேற்றுவதில் கம்பெனியார் ஆர்வம் காட்டினர். திருவொற்றியூரில் உள்ள காலடிப்பேட்டை அவ்வாறு எழுந்த ஊரே. 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவரின் பெயரால் அது காலெட்பேட்டை என வழங்கிப் பின்னர் காலடிப்பேட்டை ஆயிற்று.

இங்கே நெசவாளரைக் குடியேற்றிய அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் நடந்தது என்ன? இந்தியத் துணி வந்து தங்கள் பிழைப்பைக் கெடுக்கிறதென்று லண்டன் நகரத்துக் கம்பளி, பட்டு நெசவாளர் 1719ஆம் ஆண்டில் வீதிக்கு வந்து கலகம் செய்தனர். அச்சிட்ட இந்தியத் துணியை இங்கிலாந்தில் பயன்படுத்துவதற்கு 1700ஆம் ஆண்டுச் சட்டம் முன்னரே தடை விதித்திருந்தது. அதுவும் போதாதென்று 1721ஆம் ஆண்டில் இன்னும் கடுமையான சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் இயற்றிற்று. அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதும் வீட்டில் பயன்படுத்துவதும் குற்றமாயின. 1774ஆம் ஆண்டில்தான் அத்தடை நீங்கியது.

லண்டன் நெசவாளரை நாம் பழிக்கவேண்டியதில்லை. அவர்களும் வயிற்றுக்காக நெய்தவர்களே. இங்கு நாம் கவனிக்கவேண்டியது வேறு. அவர்களுக்குச் சொல்லி அழ ஒரு நாடாளுமன்றம் இருந்தது. காலடிப்பேட்டை நெசவாளருக்கு முறையிட எந்த மன்றமும் இல்லை. ஒரு நாடு மற்றொரு நாட்டின் சரக்கைத் தடுத்தால், ஏன் தடுத்தாய் என்று கேட்கும் விதியும் அன்று இல்லை. கேட்கும் நடுவரும் இல்லை.

2. விதி பிறந்த வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947 அக்டோபர் 30ஆம் தேதி ஜெனீவாவில் 23 நாடுகள் கூடிச் சுங்கவரி, வாணிபம் ஆகியவை குறித்த பொது உடன்படிக்கை ஒன்றைக் கண்டன. ‘காட்’ எனச் சுருக்கமாக வழங்கிய இவ்வுடன்படிக்கையில் தொடக்கம் முதலே இந்தியாவும் ஒரு கட்சி. அதன் அடிப்படை விதிகள் எளியவை. ஒரு நாட்டுக்குக் காட்டும் வரிச் சலுகையை உறுப்பு நாடுகள் யாவற்றுக்கும் காட்டவேண்டும். ஒப்புக்கொண்ட உச்ச அளவுக்குமேல் வரியை உயர்த்தலாகாது. வரி விதிக்கலாமே தவிர, இத்தனை உருப்படிதான் வரலாம் என்று அளவு கட்டித் தடுப்பது பொதுவாகக் கூடாது.

ஆயினும் துணிக்கு மட்டும் இவ்விதியினின்று விலக்கு ஏற்பட்டது. செல்வ நாடுகள் தங்கள் ஆலைகளைக் காத்துக்கொள்ள 1962 முதல் பருத்தித் துணிக்கும், 1974 முதல் ‘பல்லிழை ஒப்பந்தம்’ என்பதன் வாயிலாகச் செயற்கை இழை, கம்பளி ஆகியவற்றுக்கும் சேர்த்து நாட்டுக்கு நாடு கோட்டா விதித்தன. இந்த ஏற்பாடு படிப்படியாகத் தளர்ந்து 2005 ஜனவரி 1ஆம் தேதியன்றுதான் முடிவுற்றது.

பல்லிழை ஒப்பந்தத்தின் 12ஆம் ஷரத்தை நம் கைத்தறி அன்பர்கள் நினைவில் வைத்தல் தகும். வளரும் நாடுகளின் குடிசைத் தொழிலில் நெய்த கைத்தறித் துணிக்கும், அத்துணியால் கையாலேயே செய்த பொருள்களுக்கும் கோட்டா பொருந்தாது என அது விலக்களித்தது. ஆனால் அவ்விலக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. துணி கைத்தறித் துணியே என்பதற்கு, இரு நாடுகளும் ஒப்பிய முறைப்படி சான்றிதழ் இருத்தல் வேண்டும். நம் நாட்டில் ஜவுளிக் குழு, அதாவது 1963ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த டெக்ஸ்டைல்ஸ் கமிட்டி, இச்சான்றிதழை வழங்கி வந்தது. சான்றிதழ் இன்றிக் கரை இறங்கிய கைத்தறித் துணி, சட்டத்தின் கண்ணுக்கு ஆலைத் துணியே. விதி தரும் உரிமை, அதற்குரிய சான்றைக் கையில் வைத்திருப்பவனுக்கே பயன்படும் என்பது இப்பாடத்தின் முதற் படிப்பினை.

3. மூன்று துணி வழக்குகள்

1995 ஜனவரி 1ஆம் தேதி உலக வர்த்தக அமைப்பு தோன்றியது. அதனோடு வழக்கு விசாரிக்கும் முறையும் உறுதிப்பட்டது. முதலில் மூவர் கொண்ட விசாரணைக் குழு கேட்கும். அதன் முடிவில் மனக்குறை உள்ளவர் மேல்முறையீட்டு மன்றத்துக்குச் செல்லலாம். அம்மன்றத்துக்கு உறுப்பினர் எழுவர். ஒவ்வொரு வழக்கையும் மூவர் அமர்ந்து கேட்பர். நம் கூட்டுறவுச் சட்டத்தின் 90ஆம் பிரிவின்கீழ் பதிவாளர் முன் தாவா தொடுத்து, அதன்மேல் தீர்ப்பாயத்துக்கு அப்பீல் செல்வதை ஒத்தது இது.

முதல் வழக்கு சட்டை வழக்கு. இந்தியாவிலிருந்து வரும் கம்பளிச் சட்டை, ரவிக்கை வகைகளுக்கு அமெரிக்க ஐக்கிய நாடு 1995இல் கோட்டா விதித்தது. தன் நாட்டுத் தொழிலுக்கு இதனால் சேதம் என்பது அதன் காரணம். இந்தியா வழக்குத் தொடுத்தது. விசாரணை நடந்துகொண்டிருக்கையிலேயே, 1996 நவம்பரில் அமெரிக்கா கோட்டாவை நீக்கிக்கொண்டது. 1997 ஜனவரியில் விசாரணைக் குழு அக்கோட்டா விதிக்கு மாறானது எனக் கண்டது. அவ்வாண்டு ஏப்ரல் 25ஆம் தேதி மேல்முறையீட்டு மன்றம் ஒரு பொது நெறியையும் வகுத்தது. குற்றம் சாட்டுபவரே முதலில் போதிய சான்று காட்டவேண்டும். அவர் காட்டிவிட்டால், அதை மறுத்து நிறுவும் பொறுப்பு எதிர்த் தரப்பினருடையது. பின்னர் எழுந்த எத்தனையோ நாடுகளின் வழக்குகளில் இந்நெறி எடுத்தாளப்பட்டுள்ளது. ஒரு சட்டை வழக்கு உலகுக்கே சாட்சியச் சட்டம் ஒன்றைத் தந்தது எனலாம்.

இரண்டாவது, படுக்கை விரிப்பு வழக்கு. ஒரு நாட்டார் தம் ஊரில் விற்கும் விலையைவிடக் குறைத்து அயல்நாட்டில் விற்றால் அதற்குக் குவிப்பு விற்பனை என்று பெயர். அதனால் உள்ளூர்த் தொழில் கெட்டால் தண்டவரி விதிக்க விதி இடம் தருகிறது. ஐரோப்பிய சமூகம் 1997 நவம்பரில் இந்தியா, பாகிஸ்தான், எகிப்து ஆகிய நாடுகளின் பருத்தி வகைப் படுக்கை விரிப்புகள் மீது இவ்வரியை விதித்தது. வரியைக் கணக்கிட்ட முறையைக் கூட்டுறவாளர் கூர்ந்து நோக்கவேண்டும். ஓர் உதாரணம் கொள்வோம்.

ஒரு சங்கம் இருவகை விரிப்பு விற்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வகை உள்ளூரில் 100 ரூபாய். வெளிநாட்டில் 90 ரூபாய். பத்து ரூபாய் குறைவு. இரண்டாம் வகை உள்ளூரில் 100 ரூபாய். வெளிநாட்டில் 110 ரூபாய். பத்து ரூபாய் மிகுதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குறைவும் மிகுதியும் நேர்பட்டுப் போகின்றன; குவிப்பே இல்லை. ஐரோப்பியக் கணக்கரோ, குறைவான வகையைப் பத்து என்றே எழுதினர்; மிகுதியான வகையைப் பூஜ்யம் என்று எழுதினர். அப்படிக் கூட்டினால் 200 ரூபாய் ஏற்றுமதிக்குப் பத்து ரூபாய், அதாவது 5 விழுக்காடு குவிப்பு என்று வந்துவிடும். வரவுப் பத்தியை மறைத்துச் செலவுப் பத்தியை மட்டும் கூட்டி நஷ்டம் காட்டும் கணக்கை எந்தத் தணிக்கையாளர் ஏற்பார்? 2001 மார்ச் 1ஆம் தேதி மேல்முறையீட்டு மன்றமும் அதனை ஏற்கவில்லை, இந்தியா வென்றது. ஐரோப்பியர் செய்த மறுகணக்கையும் இந்தியா எதிர்த்து, 2003 ஏப்ரலில் அதிலும் ஒரு முக்கியப் பகுதியில் வெற்றி கண்டது.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். இம்மன்றத்தின் பரிகாரம் இனி வரும் காலத்துக்கே உரியது. 1997 முதல் செலுத்திய வரிக்கு அது ஈடு வாங்கித் தருவதில்லை. தீர்ப்பு வரும்வரை நெசவுக் கூடம் மூடாமல் தாங்கவேண்டும்.

மூன்றாவது வழக்கில் இந்தியா தோற்றது. இந்தியத் துணியை வேறொரு நாட்டில் விரிப்பாகத் தைத்து அனுப்பினால் அது எந்த நாட்டுச் சரக்கு? அமெரிக்கச் சட்டம், இத்தகைய பல பொருள்களுக்குத் துணி நெய்த நாடே பிறப்பிடம் என்றது. அதனால் அவை நம் கோட்டாவில் எழுதப்பட்டன. அவ்விதிகள் வாணிபத்தைக் கெடுக்கின்றன என்று இந்தியா வழக்குத் தொடுத்தது. 2003 ஜூன் 20ஆம் தேதி வெளியான அறிக்கையில், இந்தியா தன் குற்றச்சாட்டுகளை நிறுவவில்லை என விசாரணைக் குழு முடிவு கூறிற்று. சட்டை வழக்கில் நம்மைக் காத்த சாட்சிய நெறியே இங்கு நமக்கு எதிராக நின்றது. நியாயம் நம் பக்கம் என்று நாம் நம்புவது போதாது; அதைக் காகிதத்தில் காட்டவேண்டும்.

4. பருத்தியும் கரும்பும்

இனி விவசாய அன்பர்களின் பகுதிக்கு வருவோம். அமெரிக்க அரசு தன் பருத்தி விவசாயிகளுக்குப் பெரும் மானியம் வழங்கியதால் உலகச் சந்தையில் விலை வீழ்ந்தது என்று பிரேசில் வழக்கிட்டது. 2005 மார்ச் 3ஆம் தேதி மேல்முறையீட்டு மன்றத்தில் பிரேசில் வென்றது. அமெரிக்கா போதிய அளவு திருந்தாமையால், 2009இல் பதில் வரி விதிக்கப் பிரேசிலுக்கு அனுமதி கிடைத்தது. அதன்பின் அமெரிக்கா ஆண்டுக்கு 14 கோடியே 73 லட்சம் டாலர் தர இசைந்து, இறுதியில் 2014 அக்டோபரில் மேலும் 30 கோடி டாலர் தந்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

இவ்வழக்கில் தீர்ப்பு நிறைவேறியதற்குக் காரணம், பிரேசில் பெரிய நாடு. அதன் பதில் வரிக்கு அமெரிக்க வணிகர் அஞ்சினர். ஒரு லட்சம் மக்கள்கூட இல்லாத ஆன்டிகுவா தீவும் அமெரிக்காவை ஒரு வழக்கில் வென்றது. 2007 டிசம்பரில் ஆண்டுக்கு 2 கோடியே 10 லட்சம் டாலர் அளவுக்குப் பதில் நடவடிக்கை எடுக்க அதற்கும் அனுமதி கிடைத்தது. எனினும் அத்தீவினால் அத்தீர்ப்பின் பயனைப் பெற முடியவில்லை. தேசங்களின் நியாய மன்றத்தில் ஜப்தி செய்யும் அமீனா கிடையாது என்பதே சர்வதேசச் சட்டத்தின் பெருங் குறை.

அடுத்து, இந்தியா எதிர்வாதியாக நின்ற வழக்கு. கரும்புக்கு மத்திய அரசு நியாய ஆதாய விலை நிர்ணயிக்கிறது. சில மாநிலங்கள் தாமும் விலை நிர்ணயிக்கின்றன. இது விதித்த எல்லைக்கு மீறிய உதவி என்றும், சர்க்கரை ஏற்றுமதிக்கு மானியம் தரப்படுகிறது என்றும் பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா ஆகிய மூன்று நாடுகளும் 2019இல் வழக்கிட்டன. விலையைக் கொடுப்பது அரசன்று, ஆலைகளே என்பது இந்தியாவின் வாதங்களுள் ஒன்று. 2021 டிசம்பர் 14ஆம் தேதி விசாரணைக் குழு அதனை ஏற்காது, 2014-15 முதல் 2018-19 வரையிலான பருவங்களில் உதவி 10 விழுக்காட்டு எல்லையைக் கடந்ததாகக் கண்டது. அம்மாதமே இந்தியா மேல்முறையீடு செய்தது. அம்முறையீடு கேட்கப்படவே இல்லை. காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

5. காலியான நாற்காலிகள்

மேல்முறையீட்டு மன்றத்தின் உறுப்பினரை உறுப்பு நாடுகள் யாவும் ஒருமனதாகவே நியமிக்கமுடியும். அம்மன்றம் தன் அதிகார வரம்பை மீறுகிறது என்று குறை கூறி, அமெரிக்கா புதிய நியமனங்களைத் தடுத்து வந்தது. 2019 டிசம்பர் 10ஆம் தேதி இருவரின் பதவிக்காலம் முடிந்தது. ஒருவரே எஞ்சினார். வழக்குக் கேட்க மூவர் வேண்டும் ஆதலின் மன்றம் அன்றே செயலிழந்தது. 2020 நவம்பர் 30ஆம் தேதி அவருடைய பதவிக்காலமும் முடிய, ஏழு நாற்காலிகளும் காலியாயின.

இதன் விளைவை நம் சங்க வழக்கோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். அப்பீல் நிலுவையில் இருக்கும்வரை தீர்ப்பை நிறைவேற்ற இயலாது என்று ஒரு விதி உண்டென்று வைத்துக்கொள்வோம். அப்பீல் கேட்கும் தீர்ப்பாயத்தில் நீதிபதியே இல்லை. அப்போது தோற்றவர் ஒரு மனுவைப் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டில் இருக்கலாம். கடன் தீரவே தீராது. உலக வர்த்தக அமைப்பின் விதியும் அவ்வாறே. மேல்முறையீடு முடியும்வரை விசாரணைக் குழுவின் அறிக்கை நடைமுறைக்கு வராது.

கரும்பு வழக்கில் இந்நிலை நமக்கு ஆதாயம் என்று சிலர் கருதலாம். உண்மையே, அவ்வழக்கின் பாதகமான முடிவு நம் விவசாயிகளைத் தொடவில்லை. ஆனால் அதே காலி நாற்காலி துணிக்கு என்ன செய்கிறது? 2025 ஆகஸ்ட் 7 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது 25 விழுக்காடு கூடுதல் வரி விதித்தது. நம் நாடு ருஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 விழுக்காடு சேர்த்தது. துணியும் ஆடையும் அவ்வரியின் கீழ் வந்தன. எண்ணெய் பற்றிய பிணக்குக்குத் துணி தண்டம் கட்ட நேர்ந்தது. அவ்வரியின் விகிதத்தை ஆராய்வது இப்பாடத்தின் நோக்கமன்று. அத்தகைய விகிதங்கள் அரசியலுக்கேற்ப ஏறியிறங்கும். எல்லா உறுப்பு நாடுகளையும் சமமாக நடத்தவேண்டும், ஒப்பிய உச்ச அளவை மீறலாகாது என்னும் ‘காட்’ விதிகள் ஏட்டில் அப்படியே இருக்கின்றன. வழக்கிட்டு வென்றாலும், தோற்றவர் காலி மன்றத்தில் ஒரு மனு போட்டால் போதும், தீர்ப்பு உறங்கிவிடும். காலடிப்பேட்டைக் காலத்தில் விதியும் இல்லை, மன்றமும் இல்லை. இன்று விதி இருக்கிறது. மன்றத்தில் ஆள் இல்லை.

இதற்கு மாற்றாக ஐரோப்பிய ஒன்றியம், பிரேசில், சீனா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகள் 2020 ஏப்ரலில் தமக்குள் தற்காலிக மேல்முறையீட்டு ஏற்பாடு ஒன்று செய்துகொண்டன. இந்தியா அதில் சேரவில்லை. பழைய மன்றத்தையே மீண்டும் நிரப்பவேண்டும் என்பது நம் அரசு கூறிவரும் நிலை.

இவ்விஷயத்தில் நெசவாளரும் விவசாயியும் ஒருங்கே அமர்ந்து சிந்திக்கவேண்டும். நாம் வாதியாகும்போது மன்றம் வேண்டும், எதிர்வாதியாகும்போது வேண்டா என்று சொல்லுதல் கூட்டுறவு நெறிக்கு ஒவ்வாது. கடன் கேட்கும்போது துணை விதியைக் காட்டி, தவணை வரும்போது துணை விதியை மறுக்கும் அங்கத்தினரை நாம் எவ்வாறு மதிப்போம்? வலியவனுக்கு மன்றம் இல்லாவிடினும் கை வலிமை உண்டு. எளியவனுக்கு மன்றமே வலிமை. கரும்பு விலை விதி நமக்குப் பொருந்தாததாயின், அவ்விதியை மாற்ற மாநாட்டில் வாதாடுவதே முறை. நாற்காலி காலியாக இருப்பதை நம்பி வாழ்வது முறையாகாது. இன்று அது நம்மைக் காத்தாலும் நாளை நம் துணியைக் கைவிடும்.

6. சங்கங்கள் செய்யத்தக்கவை

ஜெனீவாவில் நாற்காலியை நிரப்புதல் நம் கையில் இல்லை. சான்றைச் சேர்த்து வைத்தல் நம் கையில் உண்டு.

முதலாவது, நூல் இருப்புப் பதிவேடும் துணி இருப்புப் பதிவேடும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். எந்தத் தறியில், எந்த அங்கத்தினர், எத்தனை உருப்படி நெய்தார் என்பது பதிவேட்டைத் திறந்தவுடன் தெரியவேண்டும். 2006ஆம் ஆண்டு ஏற்பட்ட கைத்தறி முத்திரையும் பிற சான்றிதழ்களும் நிலைத்து நிற்பது இந்த அடிப்படையின் மேல்தான்.

இரண்டாவது, ரக வாரியாக அடக்க விலையையும், உள்ளூர் விற்பனை விலையையும், ஏற்றுமதியாளருக்குக் கொடுத்த விலையையும் தனித்தனியே எழுதி வைக்கவேண்டும். குவிப்பு விசாரணை வந்தால் அயல்நாட்டு அதிகாரிகள் முதலில் கேட்பது இவற்றையே. விடை அளிக்காதவருக்கு, கிடைத்த தகவலைக் கொண்டு உயர்ந்த விகிதத்தில் வரி விதிக்க அவர்களுக்கு விதி இடம் தருகிறது.

மூன்றாவது, ஏற்றுமதியாளரோடு ஒப்பந்தம் செய்யும்போது, வழியில் வரி உயர்ந்தால் அச்சுமை யாரைச் சேரும் என்பதை எழுத்தில் குறித்துக்கொள்ளவேண்டும். இவ்வொரு வரி இல்லாமையால், உயர்ந்த வரியின் பாரம் கூலிக் குறைப்பாக இறங்கிக் கடைசியில் தறிக்காரர் தலையில் விழக்கூடும்.

கல்வி வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. 1721ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 1995ஆம் ஆண்டுச் சட்டைக் கோட்டாவுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகள் யாவை?

2. படுக்கை விரிப்பு உதாரணத்தில் இரண்டாம் வகையின் வெளிநாட்டு விலை 120 ரூபாயாக இருந்தால், நேர்மையான கணக்கும் ஐரோப்பியக் கணக்கும் என்ன விடை தரும்?

3. நம் சங்கத்தின் சென்ற மாதத் துணி ஒன்றை எடுத்து, அதன் நூல் வந்த நாள் முதல் விற்ற நாள் வரை பதிவேடுகளைக் கொண்டே நிறுவ முடியுமா? எந்த இடத்தில் சான்று அறுகிறது?

4. கரும்பு வழக்கில் மேல்முறையீட்டு மன்றம் இயங்கியிருந்தால் இந்தியா எவ்வாறு வாதாடியிருக்கலாம்? நெசவாள அங்கத்தினரும் விவசாய அங்கத்தினரும் தனித்தனியே விடை எழுதி, பின் கூடி ஒப்பிடுக.